துண்டுக்குள் ஒரு விரல்

“வியாபாரமா ஜெயிச்சுட்டா ஒரு மியூசிக் பேண்ட் தன்னையே வித்துடுச்சுன்னு அர்த்தமா, சேச்சி?”

கேட்டவள் சபீனா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தோழிகளோடு சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாளாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மொபைலை என் காபி டம்ளரில் சாய்த்து வைத்து, நான் திருவாய் மலரக் காத்திருந்தாள். கரமனையில் எங்கள் தெருவுக்குப் பேட்டி எடுக்க ஒருத்தி வருவது பெரிய விஷயம். எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி அதற்குள் இரண்டு தடவை கறிவேப்பிலை கேட்டு வந்துவிட்டாள்.

“ஜெயிக்கறது தப்பே இல்லை,” என்றேன். “நாலு பேர் கேக்கணும்னுதானே பாடறோம்? ஆனா ஒருத்தன் வந்து, இந்த வரியை மாத்து, எங்க கடைக்குத் தோதா ஆக்குன்னு சொல்றான். நீயும் மாத்தறே. அப்புறம் அது யார் பாட்டு? நான் மாட்டேன்னேன். அவா சரின்னா. அவ்வளவுதான்.”

இது ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சபீனாவின் கண்கள் பளபளத்தன.

“அப்போ சேச்சி மாத்திரம்தான் விக்காம நின்னது, அல்லே?”

“ம்,” என்றேன்.

அந்த ‘ம்’ பொய். எவ்வளவு பெரிய பொய் என்று உலகத்தில் இன்னொரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மொபைலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே சபீனா கேட்டாள்: “ஞாயித்துக்கிழமை உங்க பழைய பேண்ட்காரங்க புத்தரிக்கண்டம் மைதானத்துல பாடுறாங்களே. சேச்சி போவீங்களா?”

“எனக்குத் துறைமுகத்துல ஆபீஸ் இருக்கு. கப்பலுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது.”

அதுவும் பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பத்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன்.

எங்கள் பேண்டின் பெயர் கிட்டங்கி. ஆரியசாலையில் லிங்கராஜின் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில்தான், கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் நான்கு பேரும் ஒத்திகை பார்த்தோம். லிங்கராஜ் டிரம்ஸ் வாசிப்பான். கிதார் பிரபின், விழிஞ்ஞத்துக்காரன், சட்டை முழுக்கப் புரட்சி வாசகம், பேச்சில் பாதி மலையாளம். மீனு பாடுவாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தம்பானூரில் ஓட்டல் சமையல் பார்த்தவர். நான் வயலின் வாசித்தேன், பாட்டு எழுதினேன், மீனுவுக்கு இரண்டாவது குரல் கொடுத்தேன். என் பெயர் ஜானவி. மீனுதான் முதலில் ஜானு என்று சுருக்கினாள்.

வத்தல் நெடியில் ஒரு பாட்டைத் தும்மாமல் பாடி முடித்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. சத்தத்தையெல்லாம் மூட்டைகள் குடித்துவிடும். தெருவில் போகிற ஒருவனுக்கும் நாங்கள் உள்ளே இருப்பது தெரியாது. அது நல்லதா கெட்டதா என்று அப்போது யோசித்ததில்லை.

எங்களுக்குள் ஒரு விஷயத்தில் ஒத்துவரவில்லை என்றால் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தோம். லிங்கராஜின் அப்பாவைப் பார்த்துக் கற்றது. அவரும் தரகரும் விலை பேசும்போது வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு பேரின் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து அமுக்குவதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. நாங்கள் அதையே வோட்டாக ஆக்கிக்கொண்டோம். லிங்கராஜ் கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான். ஒவ்வொருவராகக் கையை உள்ளே விட வேண்டும். அவன் உள்ளங்கையில் ஒரு விரலால் அமுக்கினால் சரி. இரண்டு விரல் என்றால் வேண்டாம். நான்கில் மூன்று பேர் சரி என்றால் காரியம் நடக்கும். லிங்கராஜ் தன் வோட்டையும் மனதுக்குள் சேர்த்து எண்ணி முடிவை மட்டும் சொல்வான், எத்தனை பேர் என்று சொல்ல மாட்டான். யார் என்ன அமுக்கினார்கள் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டவர் எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நகைக்கடையிலிருந்து ஆள் வந்தான். நான் எழுதிய ‘கரைப் பாட்டு’ அவர்கள் விளம்பரத்துக்கு வேண்டுமாம். தமிழ்நாட்டில் புதிதாகக் கிளைகள் திறக்கிறார்களாம். மெட்டு, குரல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒரே ஒரு வரியை மாற்றி, நாலு பேரும் கொச்சிக்கு வந்து பாடிக் கொடுத்தால் போதும் என்றான். நான் எழுதியது, ‘கரை நெடுக நடந்தாலும் கால் நனையா ஊர் எனக்கு.’ அவர்கள் கேட்டது, ‘கரை நெடுக நடந்து வா, கழுத்து நிறையப் பொன் உனக்கு.’

அந்த ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் பெரிய ரகளை. மீனு ஒருத்திதான் மூடி மறைக்காமல் சொன்னாள்.

“எனக்குப் போகணும். மூட்டைகிட்டயே எத்தனை நாளு பாட? ஆளு கேக்கட்டுமே. அதுல என்ன குத்தம்?”

பிரபின் எழுந்து நின்று, கலை விற்பனைக்கு இல்லை என்று அரை மணி நேரம் மலையாளத்தில் பொழிந்தான். நான் அவனுக்கும் மேலே கத்தினேன். என் வரியை மாற்றினால் என் பிணத்தின் மேல் நடந்து போங்கள் என்றுகூடச் சொன்ன ஞாபகம். லிங்கராஜ் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. அவனை அப்பா கடையை விட்டு அனுப்ப மாட்டார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் அவன் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டான்.

கை துண்டுக்குள் போன பிறகு நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரபின் வேண்டாம் என்பான். லிங்கராஜும் கடைக்குப் பயந்து வேண்டாம் என்பான். இரண்டு பேர் வேண்டாம் என்றால் காரியம் நின்றுவிடும். ஆகவே என் விரல் என்ன சொன்னாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்தத் தைரியத்தில் என் விரல் நிஜத்தைச் சொல்லிவிட்டது. எனக்கும் ஆசையாக இருந்தது. வெளிச்சம், மேடை, என் பாட்டை என் முகம் தெரியாத யாரோ பஸ்ஸில் முணுமுணுப்பது, எல்லாமே வேண்டியிருந்தது. ஒரே ஒரு விரலால் அமுக்கினேன்.

லிங்கராஜ் துண்டை உதறிவிட்டுச் சொன்னான்: “போறோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷம்தான் முதலில் வந்தது, சத்தியமாக. அதற்குள் மீனு என்னைப் பார்த்துவிட்டாள். பாவம் ஜானு தோற்றுவிட்டாளே என்ற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் பழைய கட்சியிலேயே நின்றுகொண்டது.

“போ! நகைக்கடை ஷோகேஸ்ல போய் நின்னுக்கோ! உனக்கு அதுதான் லாயக்கு!”

வயலினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பாட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மறுநாள் அனுப்பினேன். அதையும் கௌரவமாகத்தான் செய்தேன். யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்று பேருமே என்னை மதித்துத் தொலைத்தார்கள். கொள்கைக்காரியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டார்கள்.

விளம்பரம் வந்தது. ஊரெல்லாம் அந்தப் பாட்டுதான். அப்புறம் சினிமா, கொச்சியில் வீடு, துபாயில் நிகழ்ச்சி. இங்கே நான் விற்காதவள் ஆனேன். விழிஞ்ஞத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கன்டெய்னர் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. அந்த வேலைக்கு என் நாளை முழுசாக விற்றிருக்கிறேன், அதை ஒருவரும் ஒரு பாட்காஸ்டிலும் கேட்டதில்லை.

அவர்கள் பாட்டை நான் கேட்பதே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கரமனையிலிருந்து விழிஞ்ஞம் வரைக்கும் பஸ்ஸில் காதில் என்ன ஓடியது என்று எனக்குத்தான் தெரியும். போன மாதம் கோழிக்கோட்டில் நடந்த நிகழ்ச்சியை யாரோ மொபைலில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் மீனு ‘பொன்’ என்ற இடத்தில் குரலைச் சின்னதாக வளைத்து இறக்கினாள். புதுசு. அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திரும்பப் போட்டுக் கேட்டேனோ, ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தமே தாண்டிப் போய்விட்டது. வயலினை இன்னும் லேப்டாப்தான் வாசிக்கிறது. எனக்குப் பதிலாக அவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. அதைப் பார்த்துப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஜன்னலோரம் இடம் மாற்றிக் கொடுத்தாள், காற்று வரட்டும் என்று.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“ஏ ஜானவி, லிங்கராஜ் பேசுதேன். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கிட்டங்கிக்கு வா. மூணு பேரும் இருப்போம்.”

“எதுக்கு?”

“வா, சொல்லுதேன்.”

வயலினை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். எடுத்துக்கொண்டுதான் போனேன். கேட்டால் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லலாம் என நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்த ரிப்பேர் கடை திறந்திருக்கும் என்பது ஆரியசாலை வந்த பிறகுதான் உறைத்தது.

கிட்டங்கி அப்படியே இருந்தது. அதே மூட்டைகள், அதே நெடி. பிரபின் புரட்சிச் சட்டையை விட்டுவிட்டு நல்ல லினன் சட்டைக்கு வந்திருந்தான். லேசாகத் தொப்பையும் போட்டிருந்தது.

“எடீ ஜானு! நீ ஒட்டும் மாறலல்லோ, அப்படியே இருக்கே!”

மீனு ஒரு மூட்டையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் பார்ப்பதைவிட இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

“உன் பேட்டிய நேத்து கேட்டோம்,” என்றாள். “ஓட்டல் ரூம்ல மூணு பேருமாச் சேந்து. நல்லாப் பேசுத.”

வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். பிரபின் நடுவில் புகுந்தான்.

“அதெல்லாம் விடு. சங்கதி இதுதான். இன்னைக்குச் சாயங்காலம் நம்ம ஊரு, நம்ம ஆளுங்க. கரைப் பாட்டுக்கு நீ வயலின் வாசிக்கணும். ஒரே ஒரு பாட்டு. லேப்டாப் வாசிச்சது மதி, போதும்.”

நான் பதில் சொல்வதற்குள் லிங்கராஜ், பழக்க தோஷம், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் விரித்தான். மீனு எட்டி அதைப் பிடுங்கினாள்.

“துண்டு வேண்டாம், லிங்கா. போன தடவ இதுக்குள்ள கைய விட்டுத்தான் ஆறு வருசம் போச்சு. இவ வாயால சொல்லட்டும். ஏ ஜானு, உனக்கு வரணுமா வேண்டாமா? ஒண்ணு சொல்லிருதேன். எங்கள மன்னிச்சுத்தான் வாறேன்னா வராத. அது எனக்கு வேண்டாம்.”

மன்னிப்பு. வேண்டாம் என்று சொல்லும்போதே அவள் எனக்குப் போட்ட நீதிபதி நாற்காலியைப் பாருங்கள். ஏறி உட்கார்ந்து, போனால் போகிறது என்று வயலினைத் திறந்தால் போதும். சாயங்காலம் மேடையில் நிற்கலாம். என் பெயரும் கெடாது. மீனு மட்டும் குற்றவாளியாகவே இருந்துவிட்டுப் போவாள். லிங்கராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“மீனு,” என்றேன். “அன்னிக்கு நான் ஒரு விரல்தான் அமுக்கினேன்.”

அவளுக்குப் புரியவில்லை. “என்ன?”

“சரின்னுதான் அமுக்கினேன். எனக்கும் போகணும்னு இருந்தது. பிரபினும் லிங்கராஜும் வேண்டாம்பான்னு நினைச்சுண்டு, தைரியமா அமுக்கிட்டேன். அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்தேளா, வெக்கமாப் போயிடுத்து. அந்த வெக்கத்துலதான் உன் மேல கத்தினேன்.”

மீனு லிங்கராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேலே அடுக்கியிருந்த மூட்டையைப் பார்த்தான்.

“எங்கிட்ட கேக்கக் கூடாது,” என்றான். “பழம்பொரி வாங்கித் தரணும்.”

இல்லை என்று அவன் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. பிரபின் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துத் தும்மினான்.

“எடீ, நானும் அதேதான்! நீ எப்படியும் வேண்டாம்னு சொல்லுவே, லிங்கனும் சொல்லுவான்னு விஜாரிச்சு, சும்மா ஒரு விரல் அமுக்கினேன். முடிவு வந்தப்போ பயந்து ஞெட்டிப் போனேன்!”

மீனு சிரிக்கவில்லை.

“ஷோகேஸ்ல போய் நில்லுன்னு என்னச் சொன்ன.”

“சொன்னேன்.”

“ஒவ்வொரு மேடையிலயும் கைதட்டும்போது, ஜானு பாத்தா என்ன சொல்லுவாளோன்னு நெனப்பேன். இந்தப் பாட்டக் கேட்டா சிரிப்பாளோ, இந்தச் சேலையப் பாத்தா சிரிப்பாளோன்னு. ஆறு வருசம். நீயும் ஆசப்பட்டவதான்னு தெரிஞ்சிருந்தா, ஒரு கைதட்டலையாவது முழுசா வாங்கிருப்பேம்லா?”

எழுந்து கடைப் பக்கமாகப் போய்விட்டாள்.  என்ன சொல்லிக் கூப்பிடுவது? பிரபினின் சிரிப்பும் நின்றுவிட்டது.

லிங்கராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“உன் பேட்டி ஒண்ணு விடாம கேட்டேன்,” என்றான். “இதுல சொல்லிருவா, இதுல சொல்லிருவான்னு பாப்பேன். நீ அன்னைக்கு எப்படி அமுக்குனேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நகம் பதிஞ்சு போச்சு. ரெண்டு நாளு அந்த எடம் செவந்து கெடந்தது. அவ்வளவு ஆசைய வச்சுக்கிட்டு நீ போறியேன்னுதான் எனக்கு அழுகை வந்தது.”

நான் என் விரலைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாததுபோல வயலின் பெட்டியின் பூட்டை நெருடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மூன்று பேரும் வேண்டும். அதை நினைக்கும்போது நெஞ்சு நிஜமாகவே வலித்தது. ஆறு வருடமாக வலித்ததுதான், பெயர் மட்டும் கொள்கை என்று வைத்திருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்து மீனு திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. வத்தல் நெடி என்று சொல்லித் தப்பிக்க வசதியான இடம் அது. என் எதிரே வந்து நின்றாள்.

“கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. வரணுமா, வேண்டாமா?”

“வரணும்,” என்றேன். “எனக்கு மேடை வேணும். கைதட்டு வேணும். நீங்க மூணு பேரும் வேணும். எல்லாமே வேணும், மீனு. அன்னிக்கும் வேண்டியிருந்தது.”

வாயால் சொல்லிவிட்டேன். 

“வெளம்பரத்து வரியோடதான் பாடுவோம்,” என்றாள். “சனங்களுக்கு அதுதான் தெரியும். ரெண்டாவது குரல் நீ பாடணும், பழையபடி. ஒன்னப் பேட்டி எடுத்த புள்ளைங்க முன்னால வந்து நிக்கும்.”

சபீனாவின் பளபளத்த கண்கள் ஞாபகம் வந்தன. சாயங்காலம் அவை என்ன ஆகும் என்று யோசித்தேன். அவளிடம் போய் அந்த ‘ம்’மையும் திருப்பி வாங்க வேண்டும்.

“நிக்கட்டும்,” என்றேன்.

“வரி தெரியுமா? நீதான் எங்க பாட்டக் கேக்கவே மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதியே.”

நான் வயலினைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது குரலில் பாடினேன். ‘கரை நெடுக நடந்து வா, கழுத்து நிறையப் பொன் உனக்கு.’ ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. ‘பொன்’ என்ற இடத்தில் குரல் தானாகவே சின்னதாக வளைந்து இறங்கியது.

பிரபின் லிங்கராஜைப் பார்த்தான். மீனு அசையாமல் நின்றாள்.

“அந்த வளைவு வெளம்பரத்துல கெடையாது,” என்றாள்.

“தெரியும்.”

“போன மாசம் கோழிக்கோட்டுலதான் மொதல்ல போட்டேன்.”

“தெரியும், மீனு.”

 அவள் இன்னும் கையிலேயே இருந்த துண்டை லிங்கராஜின் மடியில் வீசிவிட்டு, என் பக்கத்து மூட்டையில் ஏறி உட்கார்ந்தாள்.

“சுருதி எறங்குது,” என்றாள். “இன்னொரு தடவ பாடு.”